பன்னிரண்டாவது கதிரை

1994ஆம் ஆண்டு பெரிய வியாழன் பூசையில் பதினொரு பேருடைய கால்களைக் கழுவி முடித்த பவுல் சுவாமி, மிஞ்சிய தண்ணீரை ஊற்றுவதற்காகச் செம்பைக் கவிழ்த்தபோது தண்ணீர் விழவில்லை. குலுக்கிப் பார்த்தார், உள்ளே சலசலத்தது. தலைகீழாகப் பிடித்து அடியில் தட்டினார், ஒரு சொட்டும் வரவில்லை. விரலை விட்டுப் பார்த்தார், விரல் நனைந்து வந்தது. சனம் எட்டி எட்டிப் பார்த்தது. நேரம் போகிறதே என்று சுவாமி செம்பைத் துவாயால் துடைத்து ஒரு பக்கம் வைத்துவிட்டுப் பூசையைத் தொடர்ந்தார். பலெர்மோவில் அந்த நாட்களில் குழாய்த் தண்ணீர் ஒன்றுவிட்ட ஒருநாள்தான் வரும். வராத தண்ணீர் அங்கே யாருக்கும் புதினமில்லை.

பதினொரு பேர் ஏன், வழக்கம் பன்னிரண்டு அல்லவா என்று கேட்பது நியாயம். பலெர்மோவில் வீட்டுவேலை செய்கிறவர்களுக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும் ஓய்வு. தமிழருடைய கலியாணம், பிறந்தநாள், சண்டை, சமாதானம் எல்லாம் இந்த இரண்டுக்குள்தான் நடந்தாக வேண்டும். ஆண்டவர் தம்முடைய கடைசி இராப்போசனத்துக்கு வியாழக்கிழமையைத் தெரிந்தெடுத்தது தங்கள் வசதியைப் பார்த்துத்தான் என்று அவர்கள் மனதார நம்பினார்கள். வியா மக்வேதாத் தெருவுக்குப் பின்புறச் சந்தில் அவர்களுக்கென்று விட்டுக்கொடுக்கப்பட்ட பழைய கோவிலில், கோவில் சபைத் தலைவர் அலோசியஸ் பன்னிரண்டு கதிரைகளை வரிசையாகப் போட்டு ஒவ்வொன்றுக்கும் ஒரு அப்போஸ்தலரின் பெயரை வைத்தார். எந்தக் கதிரையில் இருந்து கால் கழுவப்படுகிறதோ அந்த அப்போஸ்தலரின் பெயராலேயே அந்த ஆள் அடுத்த பெரிய வியாழன்வரை அழைக்கப்படுவான். அப்போஸ்தலருக்குத் தலைவரான இராயப்பரின் கதிரையில் அலோசியசே இருந்தார். அதை யாரும் மறுத்துப் பேசவில்லை, பேசினால் அவருடைய பதிலை முழுதாகக் கேட்க வேண்டிவரும் என்பது எல்லாருக்கும் தெரியும். பெயரோடு பெயருக்குரியதும் சேர்ந்து வந்தது. மீனவரான பிலவேந்திரரின் கதிரையில் இருந்தவனுடைய ஏப்ரன் பைக்குள் காலையில் ஓரிரண்டு நெத்தலி துடித்தது. தோமையாருடைய கதிரைக்காரன் பாணைத் தொட்டுப் பார்க்காமல் அது பாண் என்று நம்ப மறுத்தான். அலோசியஸ் ஒரு பொய் சொன்னால், ஆண்டவரை இராயப்பர் மறுதலித்த அன்று கூவியதுபோல, எங்கிருந்தோ சேவல் கூவியது; அவர் சமையல்காரராக இருந்த லிபெர்த்தாத் தெருப் பணக்கார வீடுகளில் சேவல் எதுவும் கிடையாது.

கடைசிக் கதிரையில்தான் பிசகு நடந்தது. முதல் வருடம் அதில் றஞ்சித் இருந்துவிட்டான். எண்ணிப் பார்த்தபோதுதான் அது ஆண்டவரை முத்தமிட்டுக் காட்டிக்கொடுத்த யூதாசின் இடம் என்று தெரிந்தது. அந்த வருடம் முழுவதும் றஞ்சித் பிள்ளைகளைக் கொஞ்சக் குனிந்தால் தாய்மார் பிள்ளைகளை இழுத்துக்கொண்டார்கள். விசாப் பதிகிற பொலிஸ் கந்தோரான குவெஸ்தூராவில் அவன் பொலிஸ்காரனோடு இரண்டு வார்த்தை கதைத்தால் வரிசையில் நின்ற சனம் மெல்லக் கலைந்துபோனது. நல்ல பொடியன், அழுதே விட்டான். அடுத்த பெரிய வியாழனுக்கு அந்தக் கதிரையில் இருக்க எவனும் முன்வரவில்லை. "ஆராவது வாங்கோ" என்று பவுல் சுவாமி இரண்டுதரம் கேட்டார். மூன்றாம் வாங்கில் இருந்த அகஸ்ரீனா எழும்பினாள். அலோசியஸ் அவளைப் பார்த்து, "ஓம் அக்கா, அந்தத் துவாயளைக் கொண்டுவாங்கோ" என்றார். அவள் துவாய்களைக் கொண்டுவந்து கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் தண்ணீர் செம்பைவிட்டு வர மறுத்தது.

அகஸ்ரீனா கடற்கரைக் கிராமமான பேசாலையைச் சேர்ந்தவள். பலெர்மோவுக்கு வந்த முதல் தமிழாள் அவள்தான். அவள் வந்தபோது அந்த ஊரில் ஒரு கறிவேப்பிலைகூட இல்லை. தமிழில் ஒரு வார்த்தை கதைக்க வேண்டுமென்றால் கண்ணாடிக்கு முன்னால்தான் நிற்க வேண்டும். வியா மக்வேதாச் சந்தொன்றின் நிலக்கீழ் அறையில் இருந்தாள். பிறகு ஒவ்வொருவராக வந்தவர்கள் எல்லாரும், அந்தப் பதினொரு பேரும், முதல் இரவைக் கழித்தது அவளுடைய குசினி நிலத்தில்தான். வாசலில் நிற்கவைத்துச் செம்பால் காலுக்குத் தண்ணீர் ஊற்றுவாள், பிறகு சுடச்சுட மல்லிக்கோப்பி கொடுப்பாள். அலோசியஸ் எல்லை மலைகளை நடந்தே கடந்து வந்தவர். கால் வீங்கிச் சப்பாத்து கழலாமல் நின்றவரை இருத்தி, மரக்கறி வெட்டும் கத்தியால் சப்பாத்தை அறுத்தெடுத்தவள் அவள். அந்தக் கோவிலுக்காக ஆயருடைய மேற்றிராசனப் படிக்கட்டில் போய் நின்று கேட்டு வாங்கியதும் அவள்தான். பெரிய வியாழனுக்குப் பாவித்த பித்தளைச் செம்பும் அவளுடையதுதான், பேசாலையிலிருந்து மடியில் வைத்துக் கொண்டுவந்தது. அகஸ்ரீனாவுக்குத் தலைக்கனம் என்று சொல்கிறவர்கள் உண்டு. இருந்தது, மறுக்கவில்லை. அவளுடைய இடத்தில் இருந்தால் யாருக்குத்தான் இருக்காது? தான் செய்ததை அவள் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை, மற்றவர்கள் சொல்ல வேண்டும் என்று மட்டும் நிமிர்ந்து நின்று காத்திருந்தாள். அந்த வியாழனோடு அவள் காத்திருப்பதையும் விட்டாள். வியாழன் பின்னேர ஓய்வை வேண்டாமென்று சொல்லிவிட்டு, தான் பராமரித்த சிஞ்ஞோரா எர்சிலியாவின் வீட்டிலேயே நின்றாள். லிபெர்த்தாவில் ஆறாம் மாடி, தொண்ணூறைத் தாண்டிய மனுசி, நடக்க ஏலாது, வாய் மட்டும் நன்றாக ஓடும். பின்னேரங்களில் சிஞ்ஞோராவின் கால்களை வெந்நீரில் வைத்துக் கழுவி, விரலிடுக்குகளைத் துணியால் ஒற்றி, ஒலிவெண்ணெய் பூசிவிடுவது அகஸ்ரீனாவின் வேலை.

செம்பு, பூசைச் சாமான்கள் வைக்கிற சக்கிறீஸ்தில், தட்டில் கவிழ்த்தபடி இருந்தது. அந்த வருடம் பலெர்மோத் தமிழருடைய காரியங்கள் எல்லாம் கடைசிப் படியில் நின்றன. பெர்மெஸோ என்கிற வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போனவர்களுக்குக் கையெழுத்து விழுந்தது, முத்திரை குத்துகிறவர் மட்டும் எழும்பிப் போய்த் திரும்பி வரவில்லை. பெண் பார்த்தவர்களுக்கு எல்லாம் பொருந்தியது, நாள் மட்டும் குறிபடவில்லை. இவற்றையெல்லாம் சனம் பொறுத்துக்கொண்டது. ஆனால் அலோசியசின் மனைவி அமலினிக்கு நத்தாரோடு பிறக்க வேண்டிய பிள்ளை பிறக்கவில்லை. தை போய் மாசி வந்தது, வயிறு ஏறியது, பிள்ளை அசையவில்லை என்றில்லை, நன்றாக அசைந்தது, வெளியே வரத்தான் மனமில்லை. டொக்டர் இதயத்துடிப்பைக் கேட்டுவிட்டு, பிள்ளை சுகமாக இருக்கிறது, யாருக்காகவோ காத்திருக்கிறது போல என்று சொல்லி அடுத்த கிழமை வரச் சொன்னார். மீன்பிடி வத்தையைச் சுமப்பது மாதிரி இருக்கிறது என்று அமலினி அழுதாள். அலோசியஸ் மெலிந்து போனார். அவருடைய சத்தமும் குறைந்தது.

தவக்காலத்தில் பவுல் சுவாமி கோவில் சபையைக் கூட்டி, அப்போஸ்தலர் பணியிலிருந்து வாசித்தார். யூதாஸ் போனபிறகு பதினொரு பேர்தான் மிஞ்சினார்கள். அப்போது இராயப்பர் எழுந்து நின்று, தொடக்கத்திலிருந்து நம்மோடு கூடவே இருந்தவர்களில் ஒருவரை அந்த இடத்துக்கு எடுக்க வேண்டும் என்றார். இரண்டு பேரை நிறுத்தித் திருவுளச்சீட்டுப் போட்டார்கள், மத்தியாவின் பெயருக்கு விழுந்தது. ஆகவே அது யூதாசின் கதிரை இல்லை, மத்தியாவின் கதிரை, பயப்பட ஒன்றுமில்லை. எல்லாருக்கும் நெஞ்சுக்குள் காற்று வந்தது. அலோசியஸ் உடனே இரண்டு பேரை நிறுத்தினார். ஒருவன் றஞ்சித், பட்ட பழி கழுவப்படட்டும் என்று. மற்றவன் கடற்கரைப் புறநகரான மொண்டெல்லோவில் சாப்பாட்டுக்கடையில் வேலை செய்த சுஜீவன். பெயர் எழுதிப் போட்ட துண்டுகள் எடுக்கும்போது தெப்பமாக நனைந்து கூழாகிக் கிடந்தன. அப்போது, கோவில் விருந்துகளுக்குச் சமைக்க வருகிற யாழ்ப்பாணத்துச் சைவக்காரி அம்பிகை, "எங்கடை கோயிலிலை பூக்கட்டித்தான் பாக்கிறது, சுவாமி" என்றாள். சுவாமி யோசித்தார், கடவுள் எந்தக் கையாலும் எடுப்பார் என்று சொன்னார். வாழையிலை இல்லாதபடியால் அம்பிகை கோவா இலையில் றஞ்சித்துக்கு வெள்ளைப் பூவும் சுஜீவனுக்குச் சிவப்புப் பூவும் வைத்துக் கட்டிப் பீடத்தில் வைத்தாள். சுவாமி கண்ணை மூடி ஒன்றை எடுத்து அவிழ்த்தார்.

உள்ளே பூ இல்லை. மற்றதையும் அவிழ்த்தார், அதிலும் இல்லை. ஆனால் கோவில் முழுக்க மல்லிக்கோப்பி மணத்தது. வறுத்த மல்லியும் சுக்கும், கொஞ்சம் அடிப்பிடித்த சீனியும் சேர்ந்த மணம். அப்படிக் கோப்பி போடுகிற ஆள் பலெர்மோவில் ஒருத்திதான். பதினொரு பேரும் நிலத்தைப் பார்த்தார்கள். "என்ன மணம் இது?" என்று சுவாமி கேட்டார். "எனக்கு ஒண்டும் மணக்கேல்லை, சுவாமி" என்றார் அலோசியஸ். றஞ்சித் தயங்கித் தயங்கி, "அண்ணை, இது அகஸ்ரீனாக்கா…" என்று தொடங்கினான். "சும்மா இரு, ஒண்டுமில்லை" என்றார் அலோசியஸ். வாசலோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இருந்த அமலினி, "உங்களுக்கு மணக்கேல்லையோ?" என்றாள். "இல்லையெண்டு சொல்லுறன்" என்றார். கோவில் மோட்டுக்குள்ளிருந்து சேவல் கூவியது. நல்ல நீளமான கூவல், எல்லாரும் கேட்டார்கள். ஆனாலும் சபை சுஜீவனைத்தான் தெரிவு செய்தது. தெரிவு செய்து கதிரையில் இருத்தி, ஒத்திகையாகச் செம்பைக் கவிழ்த்தும் பார்த்தது. சுஜீவனின் கால் காய்ந்தபடியே இருந்தது. பெண்ணாள் என்றால் திருச்சபைச் சட்டம் இடம்கொடாது என்று அலோசியஸ் முணுமுணுத்தார். அது பொய்யில்லை, சட்டம் ஆண்கள் என்றுதான் சொன்னது. சேவலும் பேசாமல் இருந்தது.

இதெல்லாவற்றையும் அம்பிகை அகஸ்ரீனாவுக்குச் சொன்னாள். அம்பிகைக்கு வேலை அதே கட்டடத்தின் ஐந்தாம் மாடியில். உடுப்புக் காயப்போடும்போது இரண்டு பேரும் மேலும் கீழுமாகக் கதைத்துக்கொள்வார்கள். மணத்தைப் பற்றிச் சொன்னபோது அகஸ்ரீனாவின் முகம் ஒருகணம் மலர்ந்தது, அலோசியஸ் சொன்னதைக் கேட்டதும் மூடியது. அமலினியைப் பற்றிச் சொன்னபோது அவளால் பொறுக்க முடியவில்லை. "அவருக்காக இல்லை. அந்தப் பிள்ளைக்காகப் போறன்" என்றாள். ஒரு நாள் மத்தியானம், சிஞ்ஞோரா உறங்கிய நேரம், இரண்டு பேரும் கோவிலுக்குப் போனார்கள். ஒருவரும் இல்லை. அகஸ்ரீனா செருப்பைக் கழற்றிவிட்டுப் பன்னிரண்டாவது கதிரையில் இருந்தாள். அம்பிகை செம்பை எடுத்து அவளுடைய காலுக்கு மேல் கவிழ்த்தாள். தண்ணீர் விளிம்புவரை வந்து, எட்டிப் பார்த்ததுபோல் ஒரு மினுக்கம் காட்டிவிட்டு, உள்ளே போய்விட்டது. அவளுடைய வாழ்க்கையில் தானாகப் போய் ஒரு இடத்தில் இருந்து பார்த்தது அந்த ஒருமுறைதான். பிறகு செருப்பைப் போட்டுக்கொண்டு, "கூப்பிடாமல் வந்தால் இப்பிடித்தான்" என்று சொல்லிவிட்டு நடந்தாள். பஸ்சில் போகும்போது அழுதாள் என்று அம்பிகை பின்னர் சொன்னாள். அகஸ்ரீனா இன்றைக்கும் அதை ஒத்துக்கொள்வதில்லை.

1995ஆம் ஆண்டு பெரிய வியாழன் காலையில் அம்பிகை அலோசியசின் வீட்டுக் கதவைத் தட்டினாள். உள்ளே வராமல் வாசலில் நின்றபடியே சொன்னாள்: "அந்த மனுசி உங்கடை பெண்சாதிக்காகத் தானா வந்து இருந்தவ. தண்ணி விளிம்புமட்டும் வந்திட்டுப் போட்டுது. இருக்கிறது காணாது, அண்ணை. கூப்பிடவேணும். கூப்பிடவேண்டிய ஆள் ஆரெண்டு உங்களுக்குத் தெரியும்." அலோசியஸ் பதில் சொல்ல வாயைத் திறந்தார். கட்டிலில் இருந்த அமலினி, "சேவலைக் கூவ வையாதேங்கோ" என்றாள்.

அன்று பின்னேரப் பூசையில் பதினொரு பேரின் கால்களும் வேறொரு குவளையால் கழுவப்பட்டன. பிறகு அலோசியஸ் எழுந்து, செம்பைத் தட்டிலிருந்து எடுத்துத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு கோவில் வாசலால் வெளியே நடந்தார். ஈரக்கால்களோடு மற்றப் பத்துப் பேரும் பின்னால் போனார்கள். இடுப்பில் துவாய் கட்டியபடி பவுல் சுவாமி போனார், அமலினி அம்பிகையின் தோளைப் பிடித்துக்கொண்டு போனாள், அவர்களுக்குப் பின்னால் சனம் முழுவதும் போனது. வியா மக்வேதாவில் கடைக்காரர்கள் வெளியே வந்தார்கள். பெரிய கிழமையில் ஊர்வலம் பார்ப்பது பலெர்மோக்காரருக்குப் பழக்கமானது. சுரூபம் எங்கே என்று சிலர் கேட்டார்கள், செம்பைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். கவிழ்த்த செம்புக்குள் தண்ணீர் சலசலக்கிற சத்தம் நாற்சந்திவரை கேட்டது. திருத்தத்துக்காக மூடிக் கிடந்த பெரிய நாடகசாலையின் படிகளில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள். நாளும் பொழுதும் இவர்கள் குனிந்து வேலைக்கு நடந்த தெருக்கள் அவை. அன்றைக்கு நடுத்தெருவால் நிமிர்ந்து நடந்தார்கள், கார்கள் நின்று வழிவிட்டன. இதைச் சொல்லும்போது எனக்கு நெஞ்சு விம்முகிறது, அதை ஒளிக்கத் தேவையில்லை.

லிஃப்டில் மூன்று பேர்தான் ஏறலாம். அமலினியையும் அம்பிகையையும் சுவாமியையும் அதில் ஏற்றிவிட்டு மற்றவர்கள் ஆறு மாடியும் ஏறினார்கள். அலோசியஸ் மணியை அடித்தார்.

"ஆர் அது?"

"நான் அலோசியஸ், அக்கா."

"என்ன விசயம்? துவாய் வேணுமோ?"

படிக்கட்டு முழுக்கச் சனம் நிறைந்து நின்றது. அலோசியஸ் மூடிய கதவைப் பார்த்துக் கதைத்தார். "துவாய் வேண்டாம், அக்கா. என்ரை சப்பாத்தை வெட்டி எடுத்தது நீங்கள். முதல் நாளிலையிருந்து எங்களோடை இருந்தது நீங்கள். எனக்கு அண்டைக்கும் தெரியும், பூக்கட்டின அண்டும் மணத்தது. தெரிஞ்சுகொண்டுதான் இல்லையெண்டனான். நாங்கள் பதினொரு பேர்தான் இருக்கிறம். வாங்கோ எண்டு கூப்பிட வந்திருக்கிறன்."

சேவல் கூவவில்லை. அதற்குப் பிறகு அது அவருக்காக ஒருநாளும் கூவவில்லை. கதவு திறந்தது. அகஸ்ரீனா ஏப்ரனோடு நின்றாள், கைகள் ஈரமாக இருந்தன. அவர்களை ஒருவர் ஒருவராகப் பார்த்தாள். அவளுடைய தலை எவ்வளவு நிமிர்ந்திருந்தது என்பதை அன்று படிக்கட்டில் நின்றவர்கள் இன்னமும் செய்து காட்டுவார்கள். "வாறன்" என்றாள். "பொறுங்கோ, சிஞ்ஞோராவின்ரை இடக்கால் இன்னும் இருக்கு."

எல்லாரும் பொறுத்தார்கள். குசினியில் சிஞ்ஞோரா எர்சிலியா சாய்கதிரையில் இருந்தாள். அகஸ்ரீனா அவளுடைய இடக்காலைக் கழுவி, விரலிடுக்குகளை ஒற்றி, எண்ணெய் பூசி முடித்தாள். பிறகு ஒரு முக்காலியை இழுத்துப் போட்டு இருந்தாள். பவுல் சுவாமி முழங்காலில் நின்றார். "சுவாமி, சட்டம்…" என்று பின்னாலிருந்து யாரோ தொடங்கினார்கள். "சட்டம் கோவிலுக்குள்ளை. இது குசினி" என்றார் சுவாமி, அலோசியசின் கையிலிருந்து செம்பை வாங்கினார். கவிழ்க்கத் தேவையிருக்கவில்லை, அது ஏற்கனவே கவிழ்ந்துதான் இருந்தது. தண்ணீர் விழுந்தது.

வெதுவெதுப்பாக விழுந்தது, லேசான உவர். பேசாலைக் கிணற்றுத் தண்ணீர் என்று அகஸ்ரீனாவுக்குக் காலில் பட்டதும் தெரிந்தது. பித்தவெடிப்பில் அது சுரீரென்று ஏறியது. அதே நேரம் அமலினி சுவரைப் பிடித்துக்கொண்டு "அம்மா" என்றாள், அவளுடைய பன்னீர்க்குடம் உடைந்திருந்தது. அகஸ்ரீனா ஈரக்காலோடு எழுந்து அவளை லிஃப்டுக்குள் ஏற்றினாள், அம்பிகையும் ஏறினாள். மூன்றாம் மாடிக்கும் இரண்டாம் மாடிக்கும் இடையில் பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை, தோளைத் தொடும் தலைமயிரும் இரண்டு பல்லும் இருந்தன. மேலே செம்பு தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருந்தது. தண்ணீர் படிகளால் இறங்கித் தெருவுக்குப் போனது. கட்டடத்துக்காரர் வாளிகளோடு வந்து மொண்டார்கள், மொட்டைமாடித் தொட்டிகளை நிரப்பிக்கொண்டார்கள். தண்ணீர் வராத நாள் அது. இருட்டுவதற்கு முன்னம் அது தானாக நின்றது. முத்திரை குத்துகிறவர் உயிர்த்த ஞாயிறு முடிந்ததும் தன் கதிரைக்குத் திரும்பி வந்தார். அந்தப் பெரிய வியாழன் பின்னேரம் சிஞ்ஞோரா எர்சிலியா கேட்டது ஒன்றுதான்: நீ எத்தனையாவது ஆள்? பன்னிரண்டாவது என்று அகஸ்ரீனா சொன்னாள். "நல்லது. அப்படியானால் நிலத்தைத் துடைக்க மற்றப் பதினொரு பேரையும் கூப்பிடு" என்றாள் சிஞ்ஞோரா. அவர்கள் துடைத்தார்கள்.

அந்த வருடங்களில் சட்டம் மாறவில்லை. ஆகவே ஒவ்வொரு பெரிய வியாழனும் கோவிலில் பதினொரு பேரின் கால்கள் கழுவப்படும், செம்பு தலைகீழாகப் புறப்படும். அகஸ்ரீனாவை மத்தியாக்கா என்று கூப்பிடுகிறார்கள். மற்றக் கதிரைகளின் பெயர்கள் வருடத்துக்கு வருடம் மாறும், அது மட்டும் மாறவில்லை. வியாழன் பின்னேர ஓய்வை அவள் திரும்பவும் எடுத்துக்கொண்டாள். பெரிய வியாழனுக்கு மட்டும் வேலையிடத்திலேயே நிற்பாள். கூப்பிட வருவார்கள், அங்கே நிற்க வேண்டும் என்பாள். சிஞ்ஞோரா எர்சிலியா காலமானபிறகு அவளுக்கு மொண்டெல்லோவில் ஒரு கிழவரைப் பராமரிக்கும் வேலை கிடைத்தது. 1999இல் ஊர்வலம் மொண்டெல்லோ பஸ்சில் போனது. தலைகீழாகச் செம்பைப் பிடித்திருந்தவருக்கு ஒரு பெண் எழும்பி இடம்விட்டாள். சாரதி வழமையைவிட மெதுவாக வளைவுகளை எடுத்தான், இறங்கும்போது எந்த வீடு என்று அவனே கையால் காட்டினான். குசினியில் அகஸ்ரீனா கிழவரின் இரண்டு காலையும் கழுவி முடித்து, முக்காலியைத் துடைத்துப் போட்டு, தலையை வாரி, ஏப்ரனை மாற்றிக் கட்டிக்கொண்டு இருந்தாள். அலோசியசின் மகள், நான்கு வயதுக்காரி சின்ன அகஸ்ரீனா, தாயின் கையை உதறிவிட்டு ஓடிவந்து எட்டி மணியை அடித்தாள். படியில் பத்துப் பதினைந்து சோடிக் கால்களின் சத்தமும், செம்புக்குள் தண்ணீர் தளும்புகிற சத்தமும் அகஸ்ரீனாவுக்கு நன்றாகவே கேட்டன. அவள் எழும்பிக் கதவடிக்குப் போனாள். கைப்பிடியில் கையை வைத்துக்கொண்டு, திறக்காமல், "ஆர் அது?" என்று கேட்டாள்.